முன்னாள் ராணுவத்தினருக்கான நன்கொடை: எந்த அமைப்பை நம்பிக் கொடுப்பது?

செங்காந்தள்:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இருப்பவர்களிடம் முக்கியமாகக் கேட்கிறேன். மற்றவர்களும் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

போரில் அடிபட்டுத் திரும்பி, பிழைப்புக்குத் திண்டாடுகிற முன்னாள் ராணுவத்தினருக்காக இந்த வருடம் ஒரு தொகை ஒதுக்குவது என்று நானும் கணவரும் முடிவெடுத்திருக்கிறோம். அவர் வேலை செய்யும் கம்பெனி நாங்கள் கொடுக்கும் அளவுக்குத் தன் பங்காகவும் போடும். அதனால் தொகை சின்னதாக இருக்காது. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் நிற்கிறோம்.

தபால் பெட்டியைத் திறந்தால் வரிசையாக உறைகள். ஒன்றில் எங்கள் பெயர் அச்சடித்த முகவரி ஸ்டிக்கர். இன்னொன்றில் கடிதத்தோடு ஒட்டிய ஐந்து சென்ட் காசு, கூடவே சக்கர நாற்காலியில் ஒரு இளைஞரின் படம். சாயங்காலம் ஆனால் போன். பெயர்களை எடுத்துக்கொண்டால் வெட்டரன், டிசேபிள்ட், ஹீரோ, அமெரிக்கன் என்ற நான்கு சொற்களையே மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்த பிறகு உறையைக் குப்பையில் போடக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?


மணிமாறன்77:

போனில் கேட்பவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அற அமைப்புகளை மதிப்பிடும் சாரிட்டி நேவிகேட்டர் தளத்தில் அந்த அமைப்புக்கு நான்கு நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். அதற்கு மேல் குடைந்தால் கொடுக்கிற மனசே போய்விடும்.


பழைய ஆடிட்டர்:

மணிமாறன் சொன்ன முதல் பாதி சரி. நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில் பெயர் விஷயம். சகோதரி செங்காந்தள் கவனித்தது தற்செயல் அல்ல. டிசேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ் என்பது 1920-ல் தொடங்கிய பழைய அமைப்பு. ஹெல்ப் தி வெட்ஸ் என்று இன்னொரு நிறுவனம் இருந்தது. அது பணம் திரட்டப் பயன்படுத்திய பெயர்களில் ஒன்று அமெரிக்கன் டிசேபிள்ட் வெட்டரன்ஸ் ஃபவுண்டேஷன். முதல் இரண்டு சொற்களை இடம் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போனில் வேகமாகச் சொன்னால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? வெட்டரன்ஸ் ஃபைட்டிங் பிரெஸ்ட் கேன்சர் என்றும் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. மத்திய வர்த்தக ஆணையமும் ஆறு மாநிலங்களும் சேர்ந்து 2018-ல் தொடுத்த வழக்கின்படி, 2014 முதல் 2017 வரை வந்த நன்கொடையில் 95 சதவீதம் நிதி திரட்டும் செலவுக்கும் நிர்வாகத்துக்கும் நிறுவனரின் சம்பளத்துக்குமே போயிருக்கிறது. அந்த வருடம் ஜூலையில் ஆபரேஷன் டொனேட் வித் ஹானர் என்ற பெயரில் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகளை அறிவித்தார்கள். இதுவும் அதில் ஒன்று.

ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். பதிவு பெற்ற ஒவ்வொரு அமைப்புக்கும் ஒன்பது இலக்க வரி எண் உண்டு, ஈஐஎன் என்பார்கள். ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அதே எண்ணைப் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத் தளத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்புளோரரில் போட்டால் அவர்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990 முழுசாகக் கிடைக்கும். கணக்குப் படித்தவர்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று இடம் தெரிந்தால் போதும்.

பாகம் 9-க்குப் போங்கள். செலவுகள் நான்கு பத்தியில் இருக்கும்: ஏ மொத்தம், பி சேவைக்கு, சி நிர்வாகத்துக்கு, டி நிதி திரட்டலுக்கு. 25-ஆம் வரியில் கூட்டுத்தொகை. பெரும்பாலானவர்கள் பி-யை ஏ-யால் வகுத்து, 80 சதவீதம் வந்தால் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அங்கேதான் நிற்கக் கூடாது. அதற்கு அடுத்த 26-ஆம் வரியைப் பாருங்கள். ஜாயின்ட் காஸ்ட்ஸ் என்று இருக்கும். நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில் "முன்னாள் வீரர்களைக் கண்டால் நன்றி சொல்லுங்கள்" என்பதுபோல் ஒரு வேண்டுகோளும் விழிப்புணர்வுத் தகவலும் சேர்ந்திருந்தால், அச்சு, தபால் செலவில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கல்வி என்று சேவைப் பத்தியில் எழுதக் கணக்கு விதிகள் நிபந்தனைகளோடு இடம் தருகின்றன. முறைப்படி செய்பவர்கள் உண்டு. அதை வைத்தே வண்டி ஓட்டுபவர்களும் உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்த அந்த ஸ்டிக்கரின் செலவில் ஒரு பகுதி ராணுவத்தினருக்குச் செய்த சேவையாகக் கணக்கில் ஏறியிருக்கலாம். சாரிட்டிவாட்ச் என்ற மதிப்பீட்டு அமைப்பு இந்தத் தொகையைத் திரும்பவும் நிதி திரட்டல் செலவுக்கு மாற்றிப்போட்டுத்தான் மதிப்பெண் தருகிறது. அதனால் ஒரே அமைப்புக்கு ஒரு தளத்தில் நல்ல மதிப்பெண்ணும் இன்னொன்றில் மோசமான மதிப்பெண்ணும் வரும். மணிமாறன், நட்சத்திரம் ஒன்றே போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து, 990-உடன் வரும் ஷெட்யூல் ஜி என்ற இணைப்பு. வெளிக் கம்பெனிகளை அமர்த்திப் பணம் திரட்டியிருந்தால் இங்கே ஒரு அட்டவணை இருக்கும். கம்பெனியின் பெயர், அது திரட்டிய மொத்தம், அது எடுத்துக்கொண்டது, அமைப்புக்கு மிஞ்சியது என்று பக்கத்தில் பக்கத்தில். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பொருள்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இலவசமாக வந்த சரக்குக்குத் தாங்களே விலை போட்டு, அதை விநியோகித்ததாகச் சேவைக் கணக்கில் ஏற்றினால் சதவீதம் எங்கேயோ போய்விடும். டிசேபிள்ட் வெட்டரன்ஸ் நேஷனல் ஃபவுண்டேஷன் பற்றி 2012-ல் சிஎன்என் வெளியிட்ட செய்தி நினைவிருக்கிறதா? உதவி என்று பெட்டி பெட்டியாக அவர்கள் அனுப்பியவற்றில் தேங்காய்ச் சுவை எம் அண்ட் எம் மிட்டாயும் சமையல்காரர் அணியும் கோட்டும் இருந்தன. அந்த அமைப்புக்கு மடல் அனுப்பும் வேலையைச் செய்த கம்பெனிகள் 2014-ல் நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலோடு சுமார் இரண்டரைக் கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அமைப்பின் நிர்வாகத்தையும் சீர்திருத்த வேண்டியிருந்தது. ஷெட்யூல் எம் என்ற பகுதியில் இந்தப் பொருள் நன்கொடைகள் வரும். அது பெரிதாக இருந்தால் என்ன பொருள், விலை போட்டது யார் என்று கேளுங்கள்.


நீலவானம்:

ஆடிட்டர் சார், ஒன்று புரியவில்லை. நூறு டாலரில் 95 டாலரை எடுத்துக்கொள்வதே குற்றம் இல்லையா? இவ்வளவுதான் எடுக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டால் முடிந்துவிடுமே? பாவம், எத்தனை பேர் நம்பிக் கொடுத்திருப்பார்கள்.


வழக்காடி:

இதை நான் சொல்கிறேன். போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

நன்கொடை கேட்பதும் பேச்சுரிமைக்குள் வரும் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நிலை. 1980-ல் ஷாம்பர்க் வழக்கு, 1988-ல் ரைலி வழக்கு. நிதி திரட்டும் செலவு இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அரசு உச்சவரம்பு கட்ட முடியாது என்று இரண்டிலும் தீர்ப்பானது. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய அமைப்புக்கோ, மக்களுக்குப் பிடிக்காத கொள்கைக்காக நிற்கும் அமைப்புக்கோ ஆள் சேர்க்கவே நிறையச் செலவாகும். சதவீதம் ஒன்றை மட்டும் வைத்து அவர்களை மோசடிக்காரர்கள் ஆக்கிவிட முடியாது.

ஆனால் 2003-ல் வந்த மாடிகன் வழக்கு முழுக்க நம் விஷயம்தான். வியட்நவ் என்ற முன்னாள் ராணுவத்தினர் அமைப்புக்காக இல்லினாய் மாநிலத்தில் டெலிமார்க்கெட்டிங் கம்பெனிகள் பணம் திரட்டின. ஒப்பந்தப்படி 85 சதவீதம் கம்பெனிக்கு, 15 அமைப்புக்கு. 1987 முதல் 1995 வரை சுமார் 71 லட்சம் டாலர் வசூலானது, அமைப்புக்குக் கிடைத்தது சுமார் 11 லட்சம். போனில் பேசியவர்கள் சிலரிடம், 90 சதவீதமோ அதற்கு மேலுமோ வீரர்களுக்கே போகிறது என்று சொன்னதாகச் சாட்சி வாக்குமூலங்கள் இருந்தன. நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: அதிகம் எடுப்பது மட்டுமே மோசடி ஆகாது, ஆனால் எவ்வளவு எடுக்கிறோம் என்பதில் வேண்டுமென்றே பொய் சொல்லி நன்கொடையாளரை ஏமாற்றினால் அது மோசடி, அரசு வழக்குப் போடலாம். அந்த வியட்நவ் அமைப்பே 2017-ல் பல மாநில அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து எடுத்த நடவடிக்கையில் கலைக்கப்பட்டது.

இதில் நமக்குப் பயன்படுவது ஒன்று உண்டு. போனில் பேசுபவரிடம் "நீங்கள் அந்த அமைப்பின் ஊழியரா, கூலிக்குத் திரட்டும் கம்பெனியா? என் பணத்தில் எத்தனை சதவீதம் அமைப்புக்குப் போகும்?" என்று நேராகக் கேளுங்கள். அவர் மழுப்பினால் அங்கேயே வைத்துவிடுங்கள். பல மாநிலங்களில் இந்தக் கம்பெனிகள் தங்கள் வசூல் கணக்கை அரசிடம் கொடுத்தாக வேண்டும். நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பென்னீஸ் ஃபார் சாரிட்டி என்று இதற்காகவே அறிக்கை வெளியிடுகிறது. கலிஃபோர்னியாவிலும் உண்டு.


மணிமாறன்77:

பதிவு இருக்கிறதா என்று ஐஆர்எஸ் பக்கத்தில் பார்த்துவிட்டால் குறைந்தபட்சம் ஆள் போலி இல்லை என்று தெரிந்துவிடுமே?


வழக்காடி:

தெரியாது. யுஎஸ் நேவி வெட்டரன்ஸ் அசோசியேஷன் என்று புளோரிடாவிலிருந்து இயங்கிய அமைப்புக்கு வரிவிலக்குப் பதிவு இருந்தது. 66,000 உறுப்பினர்கள் என்றார்கள். 85 நிர்வாகிகளின் பெயர்கள் தாளில் இருந்தன. 2010-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர்கள் தேடிப் போனபோது நேரில் கண்டுபிடிக்க முடிந்தது ஒரே ஒருவரை. அவர் பாபி தாம்சன் என்று சொல்லிக்கொண்டார், அதுவும் திருடிய பெயர். தப்பி ஓடி 2012-ல் போர்ட்லாந்தில் பிடிபட்டபோதுதான் ஜான் டொனால்ட் கோடி என்ற உண்மைப் பெயர் தெரிந்தது. 2013-ல் ஒஹையோ நீதிமன்றம் 28 ஆண்டுச் சிறை விதித்தது. திரட்டிய தொகை 10 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

அதனால் போர்டில் இருப்பவர்கள் நிஜ மனிதர்களா என்று பாருங்கள். 990-இன் பாகம் 7-ல் பெயர்கள் இருக்கும். இரண்டு மூன்று பெயர்களைத் தேடினாலே வேறு எங்கே வேலை பார்த்தார்கள், என்ன பொறுப்பு வகித்தார்கள் என்று வரும். அமைப்புக்கு அலுவலகம் இருக்கிறதா, வாடகைத் தபால் பெட்டி மட்டுமா என்பதையும் கவனியுங்கள்.


தாமிரா:

இதையெல்லாம் படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. காலை இழந்தவன் பெயரைச் சொல்லி வாங்கித் தின்கிறவனை என்னவென்று சொல்வது.

என் முடிவு இது: சம்பளம் வாங்கும் தலைவர் இருக்கிற எந்தப் பெரிய அமைப்புக்கும் கொடுப்பதில்லை. போரில் காயம்பட்டவர்களுக்கான வூண்டட் வாரியர் பிராஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய பெயர். 2016 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியும் நியூயார்க் டைம்ஸும் ஆடம்பரக் கூட்டங்கள், பயணச் செலவு என்று வெளியே கொண்டுவந்தார்கள். மார்ச்சில் தலைமைப் பொறுப்பில் இருந்த இருவரை போர்டே நீக்கியது. அவர்களே அப்படி என்றால் மற்றவர்களை எப்படி நம்புவது? முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் சின்ன அமைப்புக்குக் கொடுங்கள் செங்காந்தள். பணம் அப்படியே போய்ச் சேரும்.


களப்பணி:

தாமிரா அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. முடிவு எனக்கு ஒப்புதல் இல்லை. நான் சமூக சேவைத் துறையில்தான் இருக்கிறேன் (ராணுவத்தினர் அமைப்பு அல்ல).

தூக்கம் வராமல், வேலையில் நிலைக்காமல், வாடகை பாக்கியோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதலில் வேண்டியது பயிற்சி பெற்ற ஒரு கேஸ் ஒர்க்கர். வீட்டுக்காரரிடம் பேசி வெளியேற்றும் நோட்டீஸை நிறுத்தி வைக்க, எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவு என்று அழைத்துப் போக, மூன்று மாதம் கழித்தும் போன் செய்து விசாரிக்க ஆள் வேண்டும். அவருடைய சம்பளம்தான் சேவை. அதைத் தன்னார்வலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து செய்ய முடியாது. சம்பளமே இல்லாத அமைப்பில் பணம் கசியாது என்பது உண்மையாக இருக்கலாம். வேலை நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

2013-ல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்று அற அமைப்புகளைப் பற்றித் தகவலும் மதிப்பீடும் தரும் மூன்றின் தலைவர்களும் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதமே எழுதினார்கள், நிர்வாகச் செலவு சதவீதம் ஒன்றை மட்டும் வைத்து அமைப்பை எடைபோடாதீர்கள் என்று. சதவீதத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் கணினி வாங்காமல், கணக்காளர் வைக்காமல், பயிற்சி கொடுக்காமல் இழுக்கிற அமைப்புகளை நான் பார்க்கிறேன். இழப்பு கடைசியில் உதவி கேட்டு வருபவருக்குத்தான்.

வூண்டட் வாரியர் விஷயத்திலும் பாதியோடு நிறுத்தக் கூடாது. தலைமை மாறியது, செலவு விதிகள் மாறின. செனட்டர் கிராஸ்லி 2017-ல் வெளியிட்ட அறிக்கை, சேவைக்கு என்று அவர்கள் முன்பு சொன்ன சதவீதத்துக்குள் இலவச விளம்பர நேரத்தின் மதிப்பும் சேர்ந்திருந்ததைக் கண்டித்தது. பிறகு செய்த திருத்தங்களையும் அதே அறிக்கை குறிப்பிட்டது. நடுவில் நன்கொடை சரிந்து ஆட்களைக் குறைத்தார்கள். அப்போது உதவியை நம்பியிருந்த குடும்பங்களும் அடிபட்டன. அமைப்பைக் கைகழுவுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.


தாமிரா:

கேஸ் ஒர்க்கர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நன்கொடைப் பணத்தில் நட்சத்திர ஹோட்டல் கூட்டத்தை எந்தக் காலத்திலும் ஏற்க மாட்டேன். அது என் மனசு.


ஓக்மரம்:

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. நான் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவன், அதனால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எல்லோரும் "யார் நம்பகமானவர்" என்று தேடுகிறீர்கள். அதற்கு முன் "யாருக்கு எது கிடைக்கவில்லை" என்று கேட்டால் பாதி வேலை முடியும். வி.ஏ. எனப்படும் முன்னாள் ராணுவத்தினர் துறை மிகப் பெரிய அரசு இயந்திரம். மருத்துவம், ஊனத்துக்கான மாத உதவித்தொகை, படிப்பு எல்லாம் அங்கே உண்டு. 2022-ல் வந்த பேக்ட் சட்டத்துக்குப் பிறகு, போர் முகாம்களில் இருந்த குப்பை எரிகுழிகளின் புகையால் நோய் வந்தவர்களுக்கும் வழி திறந்தது. ஆக, நன்கொடையின் இடம் அரசு செய்வதைத் திரும்பச் செய்வதில் இல்லை, அது விட்டுவிடுகிற ஓட்டைகளில் இருக்கிறது. நான் கண்ணால் கண்ட ஓட்டைகளைச் சொல்கிறேன்.

பல் வைத்தியம். வி.ஏ.-யில் எல்லோருக்கும் பல் சிகிச்சை கிடையாது. முழு ஊனம் என்று மதிப்பிடப்பட்டவர், போர்க்கைதியாக இருந்தவர் போன்ற சில வகையினருக்குத்தான். என்னோடு இருந்த ஒருவன் முன்பற்கள் இல்லாமல் வேலை நேர்காணலுக்குப் போய்விட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசிவிட்டு வந்தான். ஊரில் பல் மருத்துவர்களைச் சேர்த்து இலவச முகாம் நடத்தும் ஒரு சின்ன அமைப்பு அவனுக்குச் செயற்கைப்பல் கட்டிக் கொடுத்தது. பத்திரிகையில் வராத அமைப்பு அது.

டிஸ்சார்ஜ் பேப்பர். ஒழுங்கு நடவடிக்கையால் மோசமான சான்றோடு வெளியேற்றப்பட்டவர்களுக்குப் பல சலுகைகள் அடைபட்டுவிடும். அதில் எத்தனையோ பேர் போர் தந்த மன பாதிப்பால் தடம் புரண்டவர்கள். சான்றைத் திருத்த மனுப் போட வக்கீல் வேண்டும். இலவச சட்ட உதவி செய்யும் அமைப்புகளுக்குக் கொடுக்கும் பணம் ஒருவரின் மீதி வாழ்நாள் முழுக்கப் பேசும்.

அவசரக் கடன். கார் பழுதாகி வேலைக்குப் போக முடியாத மாதம், இறுதிச்சடங்குக்கு ஊர் போக வேண்டிய வாரம். ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் 1942 முதலும், நேவி-மரைன் கோர் ரிலீஃப் சொசைட்டி 1904 முதலும் வட்டியில்லாக் கடனும் மானியமும் கொடுத்து வருகின்றன. பணியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், அவர்கள் குடும்பங்கள்தான் அவர்களின் முக்கிய வட்டம்.

குடும்பம். ஆஸ்பத்திரியில் மகன் மாதக்கணக்கில் கிடக்கும்போது அம்மா எங்கே தங்குவாள்? ஃபிஷர் ஹவுஸ் இதற்காகவே 1990-ல் தொடங்கியது. ராணுவ, வி.ஏ. மருத்துவமனை வளாகங்களில் வீடு கட்டி இலவசமாகத் தங்க வைக்கிறார்கள். அங்கே சமையலறையில் நின்று சமைத்துக்கொண்டிருந்த தாய்மார்களிடம் நான் பேசியிருக்கிறேன். எனக்கு அந்த அமைப்பின் மேல் உள்ள மரியாதை சதவீதத்தால் வந்ததல்ல.

வீடில்லாதவர்கள். 2010-லிருந்து இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. 2024 ஜனவரி கணக்கெடுப்பில் சுமார் 32,900 பேர். இதில் பெரும்பங்கு அரசுத் திட்டங்களுடையது, அவற்றைத் தரையில் நடத்துவது உள்ளூர் அமைப்புகள். வீடில்லாத, வீடிழக்கும் நிலையில் உள்ள முன்னாள் வீரர் குடும்பங்களுக்கான எஸ்எஸ்விஎஃப் என்ற திட்டத்தில் வி.ஏ. யாருக்கு மானியம் கொடுக்கிறது என்ற பட்டியல் பொதுவில் இருக்கிறது. அரசு கணக்குக் கேட்டு, வேலையைச் சோதித்துக் கொடுக்கும் பணம் அது. உங்கள் பகுதியில் அந்தப் பட்டியலில் இருப்பது யார் என்று பாருங்கள். அரசு மானியத்தில் வாங்க முடியாத மெத்தை, பாத்திரம், முதல் மாத மளிகை போன்றவற்றுக்கு அவர்கள் கையில் பணம் இருக்காது. அங்கே உங்கள் தொகை நேராக வேலை செய்யும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பெரும்பாலான கவுன்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். தினமும் உதவி கேட்டு வருபவர்களோடு உட்காருபவர். "உங்களிடம் வருபவர்களை நீங்கள் யாரிடம் அனுப்புகிறீர்கள்? போனால் வேலை நடக்கிறதா?" என்று அவரிடம் கேளுங்கள். எந்தத் தளத்திலும் கிடைக்காத பதில் கிடைக்கும்.

ஆத்திரம் வருகிற விஷயம் ஒன்றையும் எழுதுகிறேன். உதவித்தொகைக்கு முதல் விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று முன்னாள் வீரர்களிடம் பெரும் தொகை வசூலிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. முதல் முடிவு வருமுன் அதற்குக் கட்டணம் வாங்க மத்திய சட்டம் அனுமதிப்பதில்லை. அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ, டிசேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ் ஆகிய முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற அலுவலர்கள் இதை இலவசமாகச் செய்கிறார்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். அதுவும் ஒரு நன்கொடைதான்.


நீலவானம்:

ஓக்மரம் அண்ணா, பல் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. நன்றி.


சுபேதார்:

இந்திய ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நம் ஆட்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்காக நாலு வரி.

ஆயுதப்படை கொடிநாள் 1949 முதல் டிசம்பர் 7-ல் அனுசரிக்கப்படுகிறது. கொடிநாள் நிதிக்குக் கொடுப்பது கேந்திரிய சைனிக் போர்டு வழியாகப் போகிறது, 80ஜி வரிவிலக்கு உண்டு. ராணுவத்தில் இருந்தவர் எல்லோருக்கும் பென்ஷன் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. குறைந்த காலம் பணியாற்றி வெளியேறியவர்கள் பென்ஷன் இல்லாமல் முதுமையில் கஷ்டப்படுகிறார்கள். ஹவில்தார் நிலை வரை உள்ள, 65 வயது கடந்த, பென்ஷன் இல்லாதவர்களுக்கு இந்த நிதியிலிருந்து மாத உதவி போகிறது. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கினார்கள். முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்குப் புனே அருகே கிர்க்கியில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1917-ல் தொடங்கிய, ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் பயிற்சி தரும் குயின் மேரீஸ் நிலையமும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

தனியார் அறக்கட்டளை என்றால் மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். யார் உண்மையில் வந்து உதவுகிறார்கள் என்று அங்கே தெரியும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதையும் பார்த்து அனுப்புங்கள்.


தேம்ஸ்கரை:

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு: இங்கிலாந்து, வேல்ஸ் அமைப்புகள் என்றால் சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் எண்ணைப் போட்டால் கணக்கு, அறங்காவலர்கள் பெயர், கணக்குத் தாக்கல் செய்யத் தாமதித்தார்களா என்பது வரை வரும். ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவேடு. தெருவில் உண்டியலோடு நிற்பவரிடம் எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள், உண்மையானவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.


நீலவானம்:

இன்னொரு சந்தேகம். கோஃபண்ட்மீ மாதிரி தளங்களில் ஒரு தனி வீரருக்கு நேராகக் கொடுப்பது எப்படி? நடுவில் அமைப்பே இல்லையே.


பழைய ஆடிட்டர்:

நடுவில் அமைப்பு இல்லை என்றால் கணக்குக் கேட்கவும் ஆள் இல்லை. 2017-ல் நியூ ஜெர்சியில் ஒரு ஜோடி, வீடில்லாத முன்னாள் மரைன் படைவீரர் ஒருவர் தன் கடைசி 20 டாலரில் பெட்ரோல் வாங்கிக் கொடுத்து உதவினார் என்று கதை கட்டிப் பணம் திரட்டினார்கள். சுமார் 14,000 பேர் நாலு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். மூவரும் சேர்ந்து செய்த நாடகம் என்று தெரிந்து தண்டனை ஆனது. தளம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. உங்களுக்கோ நீங்கள் நம்பும் ஒருவருக்கோ நேரில் தெரிந்த ஆள் என்றால் தாராளமாகக் கொடுங்கள். தனி மனிதருக்குக் கொடுப்பதற்கு வரிக்கழிவு கிடையாது, கம்பெனியின் இணைத்தொகையும் வராது. செங்காந்தளுக்கு அது முக்கியம்.

ரொம்பச் சின்ன அமைப்புகள் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் 990-என் என்ற ஒரு சின்ன மின்னட்டை போதும், அதில் செலவு விவரமே இருக்காது. அதை வைத்து அவர்களைச் சந்தேகப்பட வேண்டாம். போன் செய்து போன வருடம் எத்தனை பேருக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். வேலை செய்கிறவர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள்.


செங்காந்தள்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக நீங்கள் சொன்னபடி உட்கார்ந்து பார்த்தோம்.

காசு ஒட்டி அனுப்பிய அமைப்பின் 990-ஐ எடுத்தோம். ஷெட்யூல் ஜி-யில் இருந்த கம்பெனிகள் திரட்டியதில் பெரும்பகுதி அவர்களிடமே நின்றுவிட்டது. 26-ஆம் வரியிலும் பெரிய தொகை. அவர்களுக்கு இனி இல்லை. பெயரை இங்கே போட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கவுன்டி அலுவலரிடம் கணவர் போய்ப் பேசினார். அவர் சொன்ன மூன்றில் ஒன்று எஸ்எஸ்விஎஃப் பட்டியலிலும் இருக்கிறது. புதிதாக வீடு கிடைத்தவர்களுக்குச் சாமான்கள் வாங்கித் தருகிறார்கள். நேரில் போனோம். கிடங்கில் ஒரு அட்டையில் இந்த மாதம் வீடு போகிறவர்களின் பட்டியல், எதிரே கட்டில், போர்வை, குக்கர், திரைச்சீலை என்று கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. பாதித் தொகை அவர்களுக்கு, பாதி ஃபிஷர் ஹவுஸுக்கு என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஆடிட்டர் ஐயா, கடைசியாக ஒன்று. சாமான்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்கலாமா, பொதுவாகக் கொடுப்பது நல்லதா?


பழைய ஆடிட்டர்:

எழுதிக் கொடுத்தால் அதற்கு மட்டும்தான் செலவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு அவர்களுக்கு வரும், கணக்கிலும் தனியாக வைப்பார்கள். அவர்களிடமே கேளுங்கள்: இப்போது உங்களுக்கு முட்டுக்கட்டை எது? கட்டங்கள் காலியாக இருப்பது பணமில்லாமலா, சாமானை ஏற்றிப் போக வண்டி ஓட்ட ஆள் இல்லாமலா? வண்டிதான் என்றால் சாமான்களுக்கு என்று எழுதிக் கட்டிப்போடாதீர்கள், பொதுவாகக் கொடுங்கள். கம்பெனியின் இணைத்தொகைக்கு வரி எண்ணும் ரசீதும் கேட்பார்கள், பெரும்பாலும் கடைசித் தேதி இருக்கும், டிசம்பர் நடுவுக்குள் முடித்துவிடுங்கள்.


ஓக்மரம்:

வண்டி ஓட்ட ஆள் வேண்டுமென்றால் எந்த ஊர் என்று தனிமடலில் சொல்லுங்கள் சகோதரி. பக்கம் என்றால் சனிக்கிழமை நான் வருகிறேன்.